வண்டியின் குளிர்சாதனமும் வீட்டு முற்றமும்

வைகாசி மாதத்தில் தில்லி மாநகரில் வாழ்வோர்க்கு வெயிலின் கொடுமையை எவரும் எடுத்துரைக்க வேண்டுவதில்லை. நண்பகல் நெருங்கும்போதே 'லூ' என்னும் அனற்காற்று வீசத் தொடங்கிவிடுகிறது. நிழலிலேயே உஷ்ணமானி 43, 44 பாகை காட்டும் நாட்கள் பல. வெயிலில் நின்ற மோட்டார் வண்டியின் கதவைத் திறந்தால், சோறு வடிக்கும்போது முகத்தில் அடிக்கும் ஆவிபோல் உள்ளிருந்து ஒரு வெப்பம் வந்து தாக்குகிறது. இந்நிலையில் வண்டியிலுள்ள குளிர்சாதனம் ஆடம்பரப் பொருளா, அவசியப் பொருளா என்னும் வினாவிற்கு, முதியோரையும் நோயாளிகளையும் அழைத்துச் செல்வோர் தயங்காமல் விடை கூறுவர்.

அந்தக் குளிர்சாதனத்தின் உயிர்நிலையான கம்ப்ரெசர் பழுதுபட்டால், அதனை மாற்றிப் புதிதாக வாயு நிரப்பும் வேலையை வீட்டிலேயே செய்துகொள்ள இயலுமா என்பதே இன்றைய பேச்சின் பொருள். நாம் பட்டறையில் பயின்றவர் அல்லோம். கலைப் பிரிவில் பட்டம் பெற்று, மத்திய அரசு அலுவலகம் ஒன்றில் இருபது ஆண்டுகளாக மொழிபெயர்ப்பாளராகக் காலந்தள்ளி வருகின்றோம். ஆயினும் சென்ற கோடையில் இவ்வேலையைச் செய்யவும், செய்யுங்கால் சில தவறுகளுக்கு உள்ளாகவும், அத்தவறுகளினின்று சில உண்மைகளைக் கற்கவும் வாய்ப்பு நேர்ந்தது. அதனைப் பகிர்ந்துகொள்வதே நம் நோக்கம்.

முதற்கண் தத்துவத்தைப் பார்ப்போம். மண்பானையில் ஊற்றிய நீர் ஏன் குளிர்கிறது? பானையின் நுண்துளைகள் வழியே கசியும் நீர் ஆவியாகிறது. ஆவியாகும்போது பானையிலிருந்தே வெப்பத்தை எடுத்துக்கொள்கிறது. வெட்டிவேர்த் தட்டியை நனைத்துச் சன்னலில் தொங்கவிட்டால் அறை குளிர்வதும் இதனாலேயே. திரவம் ஆவியாகும்போது வெப்பத்தை உட்கொள்ளும். அந்த ஆவி மீண்டும் திரவமாகும்போது அதே வெப்பத்தை வெளியிடும். குளிர்சாதனம் முழுவதும் இந்த இரண்டு வாக்கியங்களுக்குள் அடங்கிவிடுகிறது.

பானை நீர் ஆவியாகிக் காற்றோடு போய்விடுகிறது. நாம் மறுபடியும் நீர் ஊற்றுகிறோம். வண்டியிலோ அந்த ஆவியைப் போகவிடாமல் பிடித்து, அழுத்தி, திரவமாக்கி, திரும்பத் திரும்பப் பயன்படுத்துகிறோம். பிடித்து அழுத்துவது கம்ப்ரெசரின் வேலை. இதற்கு 'அமுக்கி' என்று நாம் ஒரு காலத்தில் மொழிபெயர்த்ததுண்டு. பட்டறையில் அச்சொல்லைக் கூறினால் ஒருவரும் திரும்பிப் பார்க்கமாட்டார். ஆகவே கம்ப்ரெசர் என்றே கூறுவோம். எஞ்சினிலிருந்து பெல்ட் வழியாகச் சுழலும் இக்கருவி, வாயுவை உறிஞ்சி அழுத்தி அனுப்புகிறது. சூடேறிய அந்த வாயு, ரேடியேட்டருக்கு முன்னால் உள்ள கண்டென்சரில் தன் வெப்பத்தைக் காற்றுக்குக் கொடுத்துவிட்டுத் திரவமாகிறது. பின்னர் டிரையர் என்னும் சிறு உருளையில் ஈரமும் தூசியும் நீங்கப்பெற்று, எக்ஸ்பான்ஷன் வால்வின் ஊசித்துளை வழியே பாய்கிறது. அங்கே அழுத்தம் சட்டென்று தணிவதால், டாஷ்போர்டுக்குப் பின்னால் இருக்கும் கூலிங் காயிலில் அத்திரவம் கொதித்து ஆவியாகி, வண்டியின் உட்காற்றிலுள்ள வெப்பத்தை உறிஞ்சிக்கொள்கிறது. ஆவி மீண்டும் கம்ப்ரெசருக்குச் செல்கிறது.

கொதித்து என்று கூறியது சிலருக்கு வியப்பளிக்கலாம். இன்று நம் சாலைகளில் ஓடும் வண்டிகளிற் பெரும்பாலானவற்றில் உள்ள வாயுவின் பெயர் ஆர்-134ஏ. சாதாரணக் காற்றழுத்தத்தில் அது பூஜ்யத்திற்குக் கீழே 26 பாகையிலேயே கொதிக்கும். ஆகவேதான் அத்திரவத் துளி கண்ணிலோ கையிலோ பட்டால், அந்த இடத்தின் வெப்பத்தை ஒரு நொடியில் பறித்துச் சதையை உறையச் செய்துவிடுகிறது. நெருப்புச் சுட்டதற்கும் இதற்கும் காயத்தில் பெரிய வேற்றுமை இல்லை.

இவ்வாயுவுக்கு ஒரு வரலாறும் உண்டு. 1940ஆம் ஆண்டு மாதிரி வண்டிகளில் அமெரிக்காவின் பக்கார்டு நிறுவனம் முதன்முதலாகக் குளிர்சாதனத்தை அமைத்து விற்றது. அது பின்புறச் சாமான் அறையில் பெரும் இடத்தை அடைத்துக்கொண்டிருந்தது. குளிர் போதுமென்று தோன்றினால் வண்டியை நிறுத்தி, எஞ்சினை அணைத்து, பானெட்டைத் திறந்து பெல்ட்டைக் கழற்ற வேண்டியிருந்தது. இன்று ஒரு பொத்தானை அழுத்தியதும் கம்ப்ரெசரை இணைத்தும் பிரித்தும் விடும் மேக்னெட் கிளட்ச் அப்போது அதில் இல்லை.

பல்லாண்டுகளாக வண்டிகளில் பயன்பட்ட வாயு ஆர்-12 என்பது. தீப்பற்றாது, நஞ்சன்று, எனவே குற்றமற்றது என்று யாவரும் எண்ணியிருந்தனர். இத்தகைய வாயுக்கள் வானத்தின் உயரத்திற்குச் சென்று ஓசோன் படலத்தைச் சிதைக்கக்கூடும் என்று மோலினா, ரோலண்ட் என்னும் விஞ்ஞானிகள் 1974இல் எடுத்துக்காட்டினர். 1985இல் தென்துருவத்திற்கு மேலே ஓசோன் பெருமளவில் குறைந்திருப்பதைப் பிரிட்டிஷ் ஆராய்ச்சியாளர் வெளியிட்டனர். 1987இல் மாண்ட்ரீல் உடன்படிக்கை உருவாயிற்று. 1992இல் இந்தியா அதில் சேர்ந்தது. ஆர்-12இன் இடத்தில் ஆர்-134ஏ வந்தது. ஓசோனுக்கு அது தீங்கு செய்வதில்லை. ஆனால் பூமியின் வெப்பத்தை மிகுவிக்கும் ஆற்றல் அதற்குண்டு. 2016இல் ருவாண்டா நாட்டுக் கிகாலி நகரில் செய்யப்பட்ட திருத்தத்தில், இவ்வாயுவின் வெப்பமூட்டும் வலிமை, சம எடையுள்ள கரியமில வாயுவைப்போல் 1,430 மடங்கு என்று குறிக்கப்பட்டுள்ளது. 2021இல் இந்தியா அத்திருத்தத்தை ஏற்றது. இத்தகைய வாயுக்களின் பயன்பாட்டை 2047ஆம் ஆண்டிற்குள் 85 சதவிகிதம் குறைப்பதாக உறுதி கூறியுள்ளது.

இந்த வரலாறு வீட்டு முற்றத்தில் ஸ்பேனரைப் பிடிக்கும் ஒருவருக்கு எதற்கு என்று நேயர்கள் கேட்கலாம். அதற்கு விடை நம் கதையிலேயே உள்ளது.

நம்முடைய வண்டி பிறரிடமிருந்து விலைக்கு வாங்கிய பழைய சிறு வண்டி. மூன்று கோடைகளாக ஒரே சடங்கு நடந்துவந்தது. சித்திரை பிறந்ததும் குளிர் குறையும், பட்டறைக்குப் போவோம், 'கேஸ் குறைந்துவிட்டது' என்பர், கேஸ் அடித்துக்கொண்டு திரும்புவோம். பெட்ரோலைப்போல் வாயுவும் ஓட ஓடத் தீர்ந்துபோகும் பண்டம் என்று நாம் நம்பிவந்தோம். இது முற்றிலும் தவறு. அந்த வாயு எரிவதுமில்லை, செலவாவதுமில்லை. ரப்பர்க் குழாய்களின் வழியே பல ஆண்டுகளில் மிகச் சிறிதளவு குறையலாமே தவிர, ஆண்டுக்கொருமுறை நிரப்ப வேண்டியிருக்கிறது என்றால் எங்கோ ஓட்டை இருக்கிறது என்பதே பொருள். ஓட்டையை அடைக்காமல் வாயுவை நிரப்புவது, விரிசல் விட்ட குடத்தில் நீர் மொள்வதை ஒக்கும்.

அதனினும் பெரிய கேடு ஒன்றுண்டு. கம்ப்ரெசருக்குத் தேவையான எண்ணெய், வாயுவுடன் கலந்தே சுற்றிவருகிறது. வாயு கசியும் வழியே எண்ணெயும் சிறிது சிறிதாகக் கசிகிறது. பட்டறையில் வாயுவை மட்டும் நிரப்பினார்கள். எண்ணெயைப் பற்றி அவர்களும் கூறவில்லை, நாமும் கேட்கவில்லை. நான்காம் கோடையில் ஒரு நாள் குளிர்சாதனத்தைப் போட்டதும் பெல்ட் கீச்சென்று அலறிற்று. ரப்பர் கருகும் நாற்றம் எழுந்தது. எண்ணெயற்ற கம்ப்ரெசர் உள்ளே இறுகிப்போய்விட்டது. குளிர்சாதனத்தை அணைத்ததும் கிளட்ச் விடுபட்டு, வெளிச்சக்கரம் மட்டும் தனியே சுழல, வண்டி ஓடிற்று.

அந்தச் சமயத்தில்தான் கும்பகோணத்திலிருந்து நம் அன்னையார் கண் அறுவைச் சிகிச்சைக்காகத் தில்லிக்கு வந்திருந்தார்கள். அவர்களுக்கு வயது எழுபத்தெட்டு. சிகிச்சைக்கு முன்னும் பின்னும் பலமுறை மருத்துவமனைக்கு அழைத்துச் செல்ல வேண்டியிருந்தது. பட்டறையில் கேட்ட தொகை நமது மாதச் சம்பளத்தில் பெரும்பகுதி. ஆகவே காஷ்மீரி கேட் கடைத்தெருவில் கம்ப்ரெசரை வாங்கி நாமே மாட்டிவிடுவது என்று துணிந்தோம். பக்கத்துக் குடியிருப்பில் மகனுடன் வாழும் பெரியவர் ஒருவர், இரயில்வேயில் குளிர்சாதனப் பெட்டிகளைப் பழுதுபார்க்கும் பணியில் இருந்து ஓய்வுபெற்றவர். அவரிடம் வேக்குவம் பம்பும் அழுத்தம் பார்க்கும் கேஜும் இருந்தன. அவர் துணை கிட்டியது நம் நற்பேறு.

ஞாயிறு காலையில் அவர் வருவதற்கு முன்பே நாம் பானெட்டைத் திறந்து, குழாயின் இணைப்பைத் தளர்த்துவதற்காக ஸ்பேனரை வைத்துவிட்டோம். உள்ளே மிஞ்சியிருந்த வாயு காற்றோடு போகட்டும் என்பதே நம் எண்ணம். படியேறி வந்த பெரியவர், "தம்பி, கையை எடுங்கள்" என்றார். அவர் குரலில் கோபம் இல்லை. ஆனால் நாம் கையை எடுத்தோம். கண்ணுக்குக் கண்ணாடி இல்லை, கைக்கு உறை இல்லை, அழுத்தத்தில் உள்ள குழாயைத் திறக்கப் பார்க்கிறீர்களே என்றார். பிறகு, "அது போனால் உங்கள் முற்றத்தோடு நிற்குமா?" என்று கேட்டார்.

அந்தக் கேள்வி நம்மை நாணச் செய்தது. ஏனெனில், சில ஆண்டுகளுக்கு முன் 'குளிர்விக்கும் வாயுவை வளிமண்டலத்தில் வெளியேற்றுதல் கூடாது' என்று ஓர் அலுவலகச் சுற்றறிக்கைக்காக நாமே அழகிய தமிழில் மொழிபெயர்த்திருந்தோம். 'வளிமண்டலம்' என்பதா, 'காற்று மண்டலம்' என்பதா என்று அரைநாள் ஆலோசித்ததும் நினைவிருக்கிறது. சொல்லை ஆராய்ந்தோமே அன்றி, அது நம் கையையும் குறிக்கும் என்று நினைக்கவில்லை.

ஆகவே முதல் விதி இது: வாயுவை வெளியேற்றும் வேலை வீட்டில் செய்யத்தக்கதன்று. அதனைத் திரும்பப் பிடித்துச் சேமிக்கும் இயந்திரம் உள்ள பட்டறைக்கு வண்டியைக் கொண்டுசெல்ல வேண்டும். மூன்று இடங்களில், 'வெளியே விட்டுவிடலாம், இதற்கு எதற்கு இயந்திரம்' என்றனர். நான்காம் இடத்தில் இயந்திரம் இருந்தது. அது பிடித்த வாயுவின் எடை 90 கிராம். நம் வண்டியின் பானெட்டுக்கு அடியில் ஒட்டியிருந்த சீட்டிலோ 400 கிராம் என்று குறித்திருந்தது. மற்றவை முன்னரே போய்விட்டன. 400 கிராம் முழுவதும் கசிந்துபோனால் அது 572 கிலோ கரியமில வாயுவுக்குச் சமம். ஏறத்தாழ 250 லிட்டர் பெட்ரோலை எரிப்பதற்கு ஈடு. மூன்று கோடைகளில் நாம் நிரப்பிய வாயுவின் கணக்கை நேயர்களே போட்டுக்கொள்ளலாம்.

இனி, வீட்டில் செய்யத்தக்க வேலைகளைப் பார்ப்போம். பாட்டரி இணைப்பை முதலில் கழற்ற வேண்டும். பெல்ட் எந்தெந்தச் சக்கரத்தைச் சுற்றி எப்படிச் செல்கிறது என்பதைக் கழற்றும் முன் தாளில் வரைந்துகொள்ள வேண்டும். வண்டிக்கு அடியில் புக நேர்ந்தால், ஜாக்கியை மட்டும் நம்பிப் புகுதல் ஒருக்காலும் கூடாது. உறுதியான தாங்கிகளின்மேல் நிறுத்த வேண்டும். குழாய்களைக் கழற்றிய மறுகணமே அவற்றின் வாய்களை மூடிக் கட்டிவிட வேண்டும். இவ்வமைப்பில் பயன்படும் எண்ணெய், மழைக்காலத்து உப்பைப்போல் காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும் தன்மையுடையது. எண்ணெய் டப்பாவையும் தேவைக்குமேல் திறந்துவைத்தல் ஆகாது.

பழைய கம்ப்ரெசரைக் கழற்றியதும், அதில் எஞ்சிய எண்ணெயை ஒரு கண்ணாடிக் குவளையில் வடித்துப் பார்க்க வேண்டும். இது நோயாளியின் நாடியைப் பார்ப்பதற்கு ஒப்பானது. எண்ணெய் தெளிவாக இருந்தால், வடித்த அளவைக் குறித்துக்கொண்டு, கையேட்டில் கூறியபடி புதிய கம்ப்ரெசரில் உள்ள எண்ணெயை அதற்கேற்பச் சரிசெய்யலாம். நம்முடைய குவளையில் இருந்ததோ இரண்டு கரண்டி எண்ணெய், சாம்பல் நிறம், வெயிலில் சாய்த்துப் பார்த்தபோது வெள்ளிப்பொடி தூவியதுபோல் மின்னிற்று. கம்ப்ரெசரின் உள்ளுறுப்புக்கள் அரைந்து பொடியாகிக் குழாய்களெங்கும் பரவிவிட்டன என்று பெரியவர் கூறினார்.

இங்கேதான் நம் சிக்கனக் கணக்கு தவறிற்று. பொடி பரவிய அமைப்பில் புதிய கம்ப்ரெசரை மட்டும் மாட்டினால், அப்பொடியே புதியதையும் சில நாட்களில் அரைத்துவிடும். குழாய்களையும் கூலிங் காயிலையும் உரிய திரவத்தால் கழுவலாம். ஆனால் இக்காலத்துக் கண்டென்சர்கள் தட்டையான மிக நுண்ணிய வழிகளை உடையவை. அவற்றைக் கழுவித் தூய்மை செய்ய இயலாது. ஆகவே கண்டென்சர், டிரையர், எக்ஸ்பான்ஷன் வால்வு ஆகிய மூன்றையும் புதிதாக வாங்கினோம். டிரையரையோ, பழுது எதுவாயினும், அமைப்பைத் திறந்தபோதெல்லாம் மாற்றிவிட வேண்டும். அதனுள் இருக்கும் ஈரம் உறிஞ்சும் மணிகள் காற்றுப்பட்டவுடன் ஈரத்தால் நிறைந்துவிடுகின்றன. உறுப்புக்கள் யாவும் கழுவப்பட்டும் மாற்றப்பட்டும் விட்டமையால், அமைப்பு முழுவதற்கும் கையேட்டில் குறித்த எண்ணெய் அளவைக் கணக்கிட்டு ஊற்றினோம். புதிய கம்ப்ரெசரிலேயே எவ்வளவு எண்ணெய் வந்திருக்கிறது என்பதை அதனுடன் வரும் தாளில் பார்த்துக் கழித்துக்கொள்ள வேண்டும். எண்ணெயின் வகையும் சீட்டில் கண்ட வகையாகவே இருத்தல் வேண்டும்.

ஒவ்வொரு இணைப்பிலும் ஓ-ரிங் என்னும் சிறு ரப்பர் வளையம் உண்டு. பழையதை எறிந்துவிட்டு, இந்த வாயுவுக்கென்றே செய்யப்பட்ட புதிய வளையத்தை எண்ணெயில் தோய்த்துப் பொருத்த வேண்டும். மாட்டி முடித்தபின் கம்ப்ரெசரின் முன்தட்டைக் கையாலேயே பத்துப் பன்னிரண்டு முறை சுற்றிவிட வேண்டும். உள்ளே தேங்கிய எண்ணெய் பரவாதிருந்தால், எஞ்சினின் வேகத்தில் முதற்சுழற்சியிலேயே கருவி உடைந்துபோகக் கூடும்.

அடுத்தது வெற்றிடமாக்கும் வேலை. பம்பை இணைத்துக் குழாய்களிலுள்ள காற்றையும் ஈரத்தையும் இழுத்துவிட வேண்டும். ஈரம் எவ்வாறு போகும்? நீர் 100 பாகையில் கொதிக்கும் என்று பள்ளியில் படித்தோம். அது 760 மில்லிமீட்டர் பாதரச அழுத்தத்தில். அழுத்தத்தை ஏறத்தாழ 32 மில்லிமீட்டருக்குக் குறைத்துவிட்டால், 30 பாகையிலேயே நீர் கொதித்து ஆவியாகிவிடும். அதற்கும் கீழே கொண்டுசென்று அரைமணி நேரமேனும் பம்பை ஓடவிட்டால் ஈரம் நீங்கும். நீங்காத ஈரம் எக்ஸ்பான்ஷன் வால்வின் துளையில் பனிக்கட்டியாகி அடைக்கும். நாளடைவில் அமிலமாகி அலுமினியத்தை அரிக்கும்.

பம்பை நிறுத்தி வால்வை மூடிய பிறகு, ஊசி அசையாமல் நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். மாலை ஆறு மணிக்கு நாம் ஊசியைப் பார்த்துக்கொண்டு நின்றோம். பத்து நிமிடங்களில் அது ஒரு நூலிழை அளவு ஏறிற்று. மறுநாள் காலை எட்டு மணிக்கு அன்னையாரை மருத்துவமனைக்கு அழைத்துச் செல்ல வேண்டும். வாயு டப்பா கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. இந்தச் சிறு ஏற்றம் ஒரு பொருட்டா என்று கேட்டோம். ஈரம் மிஞ்சியிருந்தால் ஊசி சற்று ஏறி நின்றுவிடும். ஓட்டை இருந்தால் ஏறிக்கொண்டே போகும். காத்திருந்து பாருங்கள் என்றார் பெரியவர். காத்திருந்தோம். ஊசி ஏறிக்கொண்டே போயிற்று.

மூன்று கோடைகளாக நம்மைப் பட்டறைக்காரர் ஏமாற்றினார் என்று சொல்லிக்கொண்டிருந்தோம். ஓட்டை இருப்பது தெரிந்தும் வாயுவை நிரப்பிவிடலாமா என்று அந்தி வேளையில் நின்று எண்ணியபோது, அந்தப் பட்டறைக்காரரும் நாமும் ஒரே இடத்தில் நின்றோம். அவசரம் அவருக்கும் இருந்தது, நமக்கும் இருந்தது. பெரியவர் எதுவும் கூறாமல் கேஜைப் பெட்டியில் வைத்து மூடினார். மறுநாள் அன்னையாரை வாடகை வண்டியில் அழைத்துச் சென்றோம். "உன் வண்டிக்கும் கண்ணில் கோளாறா?" என்று அவர்கள் கேட்டார்கள்.

அன்று மாலை ஓட்டை எங்கே என்று தேடினோம். இவ்வாறு தேடும்போது சாதாரணக் காற்றை அடைத்துச் சோதித்தல் தகாது. காற்று ஈரத்தைக் கொணர்வதோடு, உயரழுத்தத்தில் இந்த வாயுவுடன் கலந்தால் தீப்பற்றும் கலவையாகவும் ஆகக்கூடும். ரெகுலேட்டர் பொருத்திய உருளையிலிருந்து உலர்ந்த நைட்ரஜனை அளவாகச் செலுத்தி, இணைப்புகளில் சோப்பு நுரையைத் தடவினோம். கண்டென்சர் இணைப்பில் குமிழி எழுந்தது. பிரித்துப் பார்த்தால், ஓ-ரிங் தன் பள்ளத்தில் அமராமல் ஓரத்தில் நசுங்கிக் கிடந்தது. அந்த இணைப்பை இறுக்கியது நம் கையே. ஐந்து ரூபாய் வளையம். அதன் பொருட்டு 400 கிராம் வாயுவும் போயிருக்கும், அதனோடு புதிய கம்ப்ரெசரும் போயிருக்கும். வளையத்தை மாற்றி மீண்டும் வெற்றிடமாக்கினோம். இம்முறை ஒரு மணி நேரம் ஆகியும் ஊசி அசையவில்லை.

வாயு நிரப்புதல் இறுதிப் படி. இதில் நினைவிலிருத்த வேண்டுவது, வாயுவை அளப்பது எடையால் என்பதே. எஞ்சின் ஓடாதபோது கேஜ் காட்டும் அழுத்தத்தைக் கொண்டு வாயு எவ்வளவு இருக்கிறதென்று கூறிவிட முடியாது. 30 பாகை வெப்பத்தில் அது ஏறத்தாழ 97 பி.எஸ்.ஐ. காட்டும், உள்ளே துளித் திரவம் இருந்தாலும் அவ்வளவே, நிறைய இருந்தாலும் அவ்வளவே. ஆகையால் அடுக்களைத் தராசைக் கொண்டுவந்து, அதன்மேல் டப்பாவை வைத்தோம். குழாயிலுள்ள காற்றும் வெற்றிடத்தோடு வெளியேறும்படி டப்பாவை முன்னரே இணைத்திருந்தோம். எஞ்சினை இயக்காமலே வெற்றிடம் இழுக்கும் அளவு வாயு சென்றது. பிறகு எஞ்சினை இயக்கிக் குளிர்சாதனத்தைப் போட்டு, தாழ்ந்த அழுத்தப் பக்கத்தின் வழியாக மட்டும், டப்பாவை நிமிர்த்தியே வைத்து, மெதுவாக மீதியை விட்டோம். எஞ்சின் ஓடும்போது உயர்ந்த அழுத்தப் பக்கத்து வால்வைத் திறந்தால், அவ்வழுத்தம் டப்பாவுக்குள் பாய்ந்து அதனை வெடிக்கச் செய்துவிடும். இத்தவறு உயிருக்கே ஆபத்தானது. டப்பாவைத் தலைகீழாகப் பிடித்தால் திரவமே கம்ப்ரெசருக்குள் சென்று அதனை உடைக்கும்.

தராசு 400 கிராம் காட்டியதும் மூடிவிட்டோம். 'இன்னும் சிறிது விட்டால் இன்னும் குளிரும்' என்பது பரவலான தவறான நம்பிக்கை. வாயு மிகுந்தால் அழுத்தம் மிகும், குளிர் குறையும், கம்ப்ரெசரும் வருந்தும். வெளிவெப்பம் 30 முதல் 35 பாகை இருக்கையில், பல வண்டிகளில் தாழ்ந்த பக்கம் ஏறத்தாழ 22 முதல் 36 வரையிலும், உயர்ந்த பக்கம் ஏறத்தாழ 200 முதல் 230 வரையிலும் பி.எஸ்.ஐ. இருக்கும். வெயில் ஏற ஏற இவ்வெண்களும் ஏறும். எனவே எடைக்கே முதலிடம். கேஜ் சான்று கூறுவதற்கு மட்டும்.

இவ்வேலையை யார் மேற்கொள்ளலாகாது என்பதையும் கூறிவிட வேண்டும். மின்சார வண்டிகளிலும், மின்சாரமும் பெட்ரோலும் சேர்ந்து இயங்கும் வண்டிகளிலும் கம்ப்ரெசர் பெரும்பாலும் உயர்மின்னழுத்தத்தில் சுழல்கிறது. ஆரஞ்சு நிறக் கம்பிகளைக் கண்டால் கையை எடுத்துவிட வேண்டும். புதிய வண்டிகள் சிலவற்றில் ஆர்-1234ஒய்எஃப் என்னும் வாயு உள்ளது. பூமிக்கு அது மிகக் குறைந்த தீங்கே செய்வது. ஆனால் சிறிதளவு தீப்பற்றும் இயல்புடையது. அதற்குரிய கருவிகளும் வேறு. வேக்குவம் பம்பும் கேஜும் தராசும் இல்லாதவர்களும், எந்த வாயு என்பதறியாமல் கடையில் மலிவாகக் கிடைக்கும் டப்பாவை வாங்குபவர்களும் இதில் இறங்குதல் கூடாது. மூடிய அறையில் இவ்வேலை வேண்டா. இந்த வாயு காற்றைவிடக் கனமானது; கீழே தங்கி மூச்சுக்காற்றை விலக்கிவிடும். எஞ்சின் புகையும் அங்கே உயிர்க்கொல்லி. நெருப்புக்கருகிலும் வேண்டா, சுவாலையில் பட்டால் இவ்வாயு நச்சுப்பொருளாக மாறும்.

பணம் மிச்சமாயிற்றா என்று கேட்டால், கண்டென்சரும் வால்வும் டிரையரும் வாங்கியபின் மிச்சமானது சிறிதே. இவ்வேலையை வீட்டில் செய்யாதவர்களுக்கும் இதனால் ஒரு பயன் உண்டு. அடுத்தமுறை பட்டறையில் 'கேஸ் குறைந்துவிட்டது' என்றால், நான்கு கேள்விகள் கேளுங்கள். ஓட்டை எங்கே? உள்ளிருக்கும் வாயுவை எதில் பிடிப்பீர்கள்? வெற்றிடம் எவ்வளவு நேரம் நிற்கவிடுவீர்கள்? எத்தனை கிராம், எவ்வளவு எண்ணெய்? இந்நான்கிற்கும் விடை கூறும் பட்டறையில் ஒரு தொகை அதிகமானாலும் கொடுக்கலாம்.

அடுத்த வாரம் அன்னையாரின் கண்கட்டை அவிழ்க்கும் நாள் வந்தது. வெளியே 41 பாகை வெயில். வண்டியின் காற்று வரும் வாயிலில் வைத்த உஷ்ணமானி பத்துப் பாகை காட்டிற்று. அன்னையார் சிறிது நேரம் அமர்ந்திருந்தபின், புடவைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டு, "போதும், குறைத்து வை" என்றார்கள். பெரியவரிடம் அதனைக் கூறினோம். அவர் கேஜ் பெட்டியைத் திறந்து, அடுத்த சித்திரையில் ஒருமுறை அழுத்தத்தைப் பார்த்துவிடுவோம் என்றார். இவ்வாண்டு சித்திரையில் பார்த்தோம். குளிர்ச்சியும் குறையவில்லை, அழுத்தமும் மாறவில்லை. பட்டறைக்குப் போக வேண்டியிருக்கவில்லை.